உப்போடு ஒரு யுத்தம் – 9: திருப்பிப் போட்ட தாள்

போன வாரம் உங்களைக் கொல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில் அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டேன். பாரக்பூருக்குப் பக்கத்தில் பல்தா. நகரத்துக்குக் குடிநீர் இறைக்கும் இடம். கோடையில் மேலேயிருந்து வரும் கங்கை நீர் குறைந்துபோக, கீழேயிருந்து கடல் மெல்ல ஆற்றுக்குள் ஏறி வருகிறது. தண்ணீர் கரிக்கிறது. பொறியாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று?

டெல்லி எடுத்த முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபராக்காவில் கங்கைக்குக் குறுக்கே இரண்டேகால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பணை. அங்கிருந்து 38 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய். கங்கை நீரைப் பாகீரதி வழியாக ஹூக்ளிக்குத் திருப்பிவிட்டால் துறைமுகத்தை அடைக்கிற வண்டலும் போகும், குடிநீரில் ஏறுகிற உப்பும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 1961-இல் வேலை ஆரம்பித்தது. கொல்கத்தாவுக்குத் தண்ணீர் வந்து சேர 1975 ஆகிவிட்டது.

ஆற்றைக் கொண்டு கடலை விரட்டுவது. நல்ல யோசனை. ஆறு இருக்கிற ஊருக்கு.

ஆறே இல்லாத ஊர் என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கான விடை, ஃபராக்காவில் முதல் கடப்பாரை விழுவதற்கும் முன்னாலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிட்னி லோப், அமெரிக்கர். இன்னொருவர் பெயரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

சீனிவாச சௌரிராஜன்.

திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். இன்று உங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. பெட்டியிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் நெம்மேலியில் இருக்கும் கடல்நீர் ஆலை வரைக்கும் எல்லாவற்றுக்கும் மூலம், அந்த இரண்டு பேரும் ஒரு தாளைத் திருப்பிப் போட்ட அந்த ஒரு மணி நேரம். இந்த வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் பகையாளி யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். உப்பு இல்லை. உப்பைப் பிரிக்கத் தெரியாமலா இருந்தது? கடல்நீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்தால் நன்னீர். கப்பல்களில் காலம் காலமாகச் செய்துவந்ததுதான். பிரச்சினை செலவு.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஒரு கொப்பரையின் ஆவியைக் கொண்டே அடுத்த கொப்பரையைச் சூடேற்றலாம். அதன் ஆவியால் அதற்கடுத்ததை. எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் எரிபொருள் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். ஆனால் இயற்பியல் விதிகளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்கின்றன. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீரைப் பிரிக்க, குறைந்தபட்சம் தேவைப்படுவது ஒரு யூனிட். கொஞ்சம் முன்னே பின்னே.

ஒரு பக்கம் 600. இன்னொரு பக்கம் 1.

இயற்கை கேட்கும் விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் புத்திசாலிகளுக்குத் தூக்கம் வருமா?

வரவில்லை. அப்படித் தூக்கம் தொலைத்தவர்களில் ஒருவர் சாமுவேல் யுஸ்டர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பேராசிரியர். பெட்ரோலியப் பொறியியல்காரர். எண்ணெய்க் கிணற்றுக்காரருக்குக் குடிநீரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மண்ணுக்குள்ளே பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் எப்படி நகர்கின்றன என்று யோசித்து யோசித்துப் பழகிய மூளை அது. துளை, அழுத்தம், உப்பு. மூன்றும் அவருக்கு அத்துப்படி.

யுஸ்டர் பிடித்துக்கொண்டது ஒரு பழைய சூத்திரத்தை. கிப்ஸ் என்ற மேதை எழுதி வைத்தது. அதன்படி, உப்புத் தண்ணீரில் காற்றைத் தொடும் மேற்பரப்பில் உப்பு தங்காது. சற்றே உள்வாங்கி நிற்கும். அப்படியானால் உலகத்துக் கடல்களின் மேலெல்லாம் ஒரு நன்னீர்ப் படலம் மிதந்துகொண்டிருக்கிறது. கனம்? ஓரிரு மூலக்கூறு அளவு.

அதை வழித்தெடுத்தால் என்ன?

சிரிக்காதீர்கள். இந்தக் கிறுக்கு யோசனையிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. வழித்தெடுக்க வேண்டிய வேலை, அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த சௌரிராஜனின் தலையில் விழுந்தது.

சௌரிராஜன் உப்பும் அழுத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் ஊறியவர். அதே பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கென்னடி என்ற புவியியற்பியல் அறிஞருடன் சேர்ந்து, கடும் வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் உப்பும் நீரும் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் அளந்து எழுதிய கட்டுரை 1962-இல் வெளிவந்தது. பூமிக்கடியில் கொதிநீர் ஊற்றுகளை ஆராய்கிறவர்கள் இன்னும் அதைப் புரட்டுகிறார்கள்.

அப்படிப்பட்டவர் யுஸ்டரின் படலத்தை எப்படிப் பார்த்திருப்பார்? படலத்தைக் கரண்டியால் எடுக்க முடியாது. சரி, காற்றுக்குப் பதிலாக, காற்றைப் போலவே உப்பை விலக்கும் ஒரு பொருளை வைத்தால்? அந்தப் பொருளின் மேலும் நன்னீர்ப் படலம் ஒட்டி நிற்கும். அந்தப் பொருளில் மிக நுண்ணிய துளைகள் இருந்தால்? மேலே அழுத்தம் கொடுத்தால் அந்தப் படலம் மட்டும் துளை வழியே இறங்கும். உப்பு மேலேயே நின்றுவிடும்.

அதாவது, அவருக்கு வேண்டியது ஒரு தாள்.

செல்லுலோஸ் அசிட்டேட் என்றொரு பொருள் உண்டு. சினிமா ஃபிலிமுக்கு அடித்தாளாகப் பயன்பட்டதே, அந்த வகையறா. அந்தத் தாள் உப்பைத் தடுத்தது. நீரைக் கடத்தியது. ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீட் என்ற பேராசிரியரும் அவருடன் ஆராய்ந்த பிரெட்டனும் இதே பொருளுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு கரையிலும் ஒரே விடை. இரண்டு கரையிலும் ஒரே தலைவலி.

தண்ணீர் வரவில்லை.

வந்தது. சொட்டாக. அடுத்த சொட்டுக்காகக் காத்திருப்பதே ஒரு வேலை. இந்த வேகத்தில் ஓர் ஊருக்குக் குடிநீர் கொடுக்க வேண்டுமானால் அந்த ஊரையே தாளால் மூட வேண்டியிருக்கும்.

தாளை மெல்லிதாக்கினால் வேகம் கூடுமே? கூடும். ரீட் அதைத்தான் செய்தார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குத் தாள்களைச் செய்து பார்த்தார். அதற்குமேல் மெல்லிதாக்கினால் கையில் எடுப்பதே பெரும்பாடு. அதன் தலையில் கொடுக்க வேண்டிய அழுத்தம் என்ன தெரியுமா? கடல்நீரின் இயல்பான எதிர்ப்பை ஈடுகட்டவே காற்றழுத்தத்தைப்போல் சுமார் 27 மடங்கு. தண்ணீரை 270 மீட்டர் உயரத்துக்கு நிறுத்திவைத்தால் அடியில் இருக்கிற அழுத்தம் அது. அதைத் தாண்டினால்தான் முதல் சொட்டே விழும். வேகமாக விழவேண்டுமானால் இன்னும் இரண்டு மடங்கு.

கனமாக இருந்தால் தண்ணீர் வராது. மெல்லிதாக இருந்தால் தாள் நிற்காது.

இந்த நேரம் பார்த்து யுஸ்டர் காலமானார்.

நினைத்துப் பாருங்கள். யோசனைக்குச் சொந்தக்காரர் போய்விட்டார். கையில் இருப்பது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் ஒரு தாள். வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள்.

இங்கேதான் சிட்னி லோப் வருகிறார். நாற்பதைக் கடந்தவர். வேதிப்பொறியாளர். எண்ணெய்த் தொழில், ராக்கெட், அணுசக்தி என்று பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு, சம்பளம் வாங்கும் வயதில் மறுபடி மாணவராகப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். அவருக்குச் சூத்திரத்தைவிட எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது முக்கியம். சௌரிராஜனுக்கு ஏன் வருகிறது என்பது முக்கியம். இது என் கணிப்பு. ஆனால் இருவரும் பின்னாளில் போன பாதைகளைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இருவரும் ஒரு குறுக்கு வழி யோசித்தார்கள். துளையே இல்லாத தாளைத் துளைக்கப் பாடுபடுவானேன்? பெரிய துளை உள்ள தாளை எடுத்துக்கொள்வோம். துளையைச் சுருக்குவோம்.

ஷ்லைஷர் அண்ட் ஷூல் என்ற கம்பெனி வடிகட்டித் தாள்கள் விற்றது. அதே செல்லுலோஸ் அசிட்டேட்தான், ஆனால் துளைகள் நிறைந்தது. அதில் உப்பு தாராளமாகப் போய்வரும். அந்தத் தாளை வாங்கி வந்தார்கள். தண்ணீருக்குள் போட்டுச் சூடேற்றினார்கள். சூட்டில் துளைகள் சுருங்கும்.

சூடேற்றிய தாளை வட்டமாக வெட்டி, அழுத்தத்தைத் தாங்கும் உலோகக் கலத்துக்குள் பொருத்தினார்கள். அடியில், தாள் கிழியாமல் தாங்க, துளையுள்ள ஒரு தகடு. மேலே உப்பு நீர். பம்பு ஓடியது.

தண்ணீர் வந்தது. முன்பு வந்ததைவிடப் பல மடங்கு வேகமாக. உப்பைச் சோதித்தார்கள்.

பெரும்பகுதி காணோம்!

எத்தனை வருஷத் தவம்! ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள், ஆய்வு செய்தவர் உட்பட. மறுபடி செய்ய வேண்டும். அதே தாள். அதே சூடு. அதே அழுத்தம்.

உப்பு அப்படியே வந்தது.

மறுபடி ஒரு தாள். இந்தத் தடவை வெற்றி. மறுபடி. தோல்வி. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தாள்கள், ஒரே மாதிரி பக்குவம். சில நல்ல பிள்ளையாக நடந்துகொள்கின்றன. சில கை விரிக்கின்றன. சூடு போதவில்லையா? கலத்தில் கசிவா? தாளில் ஓட்டையா? ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றையும் விலக்கியாயிற்று.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இவ்வளவு நேரமும் யாருமே கவனிக்காத ஒன்று.

தாளைக் கலத்தில் வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது?

ஒரு தாளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே? அதில் எழுதப்போகிறோமா என்ன? ஒரு நாள் இப்படி வைத்திருப்பார்கள், ஒரு நாள் அப்படி. குறித்துவைக்கக்கூடத் தோன்றியிருக்காது. தோல்வியுற்ற தாளைத் திருப்பிப் போட்டார்கள். பம்பை ஓட்டினார்கள்.

உப்பு நின்றது.

நல்ல தாள் கெட்ட தாள் என்று எதுவுமே இல்லை. எல்லாமே நல்ல தாள்தான். ஒரு பக்கம் கடலைப் பார்த்திருந்தால் உப்பைத் தடுக்கும். மறுபக்கம் பார்த்திருந்தால் விட்டுவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். "சரி, இனிமேல் அந்தப் பக்கத்தையே மேலே வைப்போம்" என்று ஒரு பேனாக் குறி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் போயிருப்பார்கள். இவர்கள் போகவில்லை. ஏன் என்று கேட்டார்கள்.

இரண்டு பக்கமும் வேறு வேறாக நடக்கிறதென்றால், இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும். தாள் முழுக்க ஒரே சீராக இல்லை. உப்பைத் தடுக்கிற வேலை ஒரு பக்கத்தில் இருக்கும் மெல்லிய தோலில்தான் நடக்கிறது. மீதிக் கனமெல்லாம் பெரிய துளைகள் உள்ள வெறும் தாங்கி.

எப்படி வந்திருக்கும் அந்தத் தோல்? காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிகிறதல்லவா, ஏறக்குறைய அப்படி. கரைசலைப் பரப்பிவைக்கும்போது காற்றுப் படும் பக்கத்திலிருந்து கரைப்பான் முதலில் பறந்துபோகிறது. அந்தப் பக்கம் மட்டும் இறுகித் தோலாகிறது. அடியில் இருப்பது பொருபொருவென்று நின்றுவிடுகிறது.

தலைவலி தீர்ந்தது. கனமாக இருந்தால் தண்ணீர் வராது, மெல்லிதாக இருந்தால் தாள் நிற்காது என்று இத்தனை நாள் முட்டிக்கொண்டார்களே! உப்பைத் தடுக்கும் தோல் மட்டும் மெல்லிதாக இருந்தால் போதும். தாள் கனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீருக்கு அந்தத் தோலைத் தாண்டுவதுதான் பாடு. தாண்டிவிட்டால் கீழே ராஜபாட்டை.

தாளைத் தலைகீழாக வைத்தபோது ஏன் தோற்றது என்பதும் விளங்கிவிடுகிறது. உப்பு நீர் முதலில் துளைப் பகுதிக்குள் நுழைகிறது. தோல் வரை போய் முட்டுகிறது. நன்னீர் மட்டும் அந்தப் பக்கம் போக, உப்பு வெளியே வர வழியில்லாமல் துளைகளுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து செறிவாகிறது. போதாததற்கு, தோலுக்குப் பின்னால் தாங்கி கிடையாது.

இனிக் கடைச் சரக்கு வேண்டாம். வேண்டிய தாளை நாமே செய்வோம்.

சமையல் குறிப்பு ஒரு பழைய ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து வந்தது. செல்லுலோஸ் அசிட்டேட்டை மெக்னீசியம் பெர்குளோரேட் கரைசலில் கரைக்கலாம் என்று டோப்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1936-இல் எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டார்கள். ஆசிட்டோன் மூன்றில் இரண்டு பங்கு. செல்லுலோஸ் அசிட்டேட் 22 சதவீதத்துக்குச் சற்று மேல். தண்ணீர் 10 சதவீதம். பெர்குளோரேட் ஒரு சிட்டிகை. ராக்கெட் எரிபொருள் குடும்பத்துச் சரக்கையும் தீப்பற்றும் ஆசிட்டோனையும் ஒரே பாத்திரத்தில் போடுவதா என்று எந்த வேதியியல் வாத்தியாரும் பதறியிருப்பார்.

உறைநிலைக்கும் கீழான குளிரில் இந்தக் குழம்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் வழித்தார்கள். மூன்று நான்கு நிமிஷம் விட்டார்கள், மேலே தோல் படிய. அப்படியே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். பிறகு 75 முதல் 82 டிகிரி வெந்நீர்க் குளியல், துளைகள் சுருங்க. அவ்வளவுதான்.

பழைய தாளோடு ஒப்பிட்டால் தண்ணீர் பத்து மடங்குக்கும் மேல். உப்போ குடிக்கத் தக்க அளவுக்குக் குறைந்திருந்தது.

1960-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். உலகம் கேட்டதா? அடுத்த ஆண்டு ஜூனில் அதிபர் கென்னடி வாஷிங்டனில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்தினார். டெக்ஸாஸ் மாநிலம் ஃப்ரீபோர்ட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அது கொப்பரை ஆலை. அமெரிக்க அரசாங்கத்தின் பந்தயப் பணம் இன்னும் அடுப்பின்மேல்தான் இருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. கொப்பரை கண்ணுக்குத் தெரிகிறது, தாளின் தோல் தெரியவில்லை. இன்றைக்குக்கூட டெண்டர் விடும் அதிகாரிகளுக்குப் பெரிய கொப்பரையைக் கண்டால் வரும் மரியாதையே தனி.

தாள்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் குடிநீர் ரயில் டேங்கரில் வந்த ஊர். நிலத்தடி நீர் அவ்வளவு உப்பு. 1965-இல் லோபும் ஜோசஃப் மெக்கட்சனும் அங்கே போய், தாளைக் குழாய் வடிவில் செய்து, ஒரு சிறு நிலையத்தை நிறுவினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர். ஓர் ஊரின் நீர் வினியோகத்துக்காக ஆர்.ஓ. முறையில் இயங்கிய முதல் நிலையம் அதுதான். ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். சென்னையில் கோடைக்காலத்தில் ஒரு லாரித் தண்ணீரின் மதிப்பு உங்களுக்குத் தெரியாததா?

சௌரிராஜன் அதற்குள் கனடா போய்விட்டார். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகம். அங்கே தன் கேள்வியோடு உட்கார்ந்தார். ஏன் வருகிறது? எந்தப் பொருளில் எவ்வளவு துளைக்கு என்ன விலகும்? ‘ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்’ (ஆர்.ஓ.வின் விரிவு அதுதான்) என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். லோப் இஸ்ரேலுக்குப் போனார், பாலைவனத்தில் தண்ணீர் எடுக்க. நான் முன்பே சொன்னேனே, ஒருவருக்கு ‘ஏன்’, இன்னொருவருக்கு ‘எவ்வளவு’. தாளுக்கு மட்டும் இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. லோப்-சௌரிராஜன் சவ்வு என்றுதான் இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

1970-களின் கடைசியில் மினியாபொலிஸில் ஜான் கடாட் என்ற வேதியியலாளர் அதே கட்டமைப்பை வைத்துக்கொண்டு, தோலை மட்டும் வேறு பொருளில் செய்தார். பாலிஅமைடு. இன்னும் மெல்லிசு, இன்னும் கெட்டி. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தனவே, 2024-இல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டரில் இன்னொன்று வந்ததே, அங்கெல்லாம் சுருள் சுருளாகச் சுற்றிவைத்திருப்பது இந்த வழியில் வந்த தாளைத்தான்.

ஆக, தாள் கிடைத்துவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது. கதை முடிந்ததா?

எங்கே முடிந்தது! 600-இல் தொடங்கிய கணக்கு அப்படியே 1-க்கு இறங்கிவிடவில்லை. ஆரம்ப காலத்துக் கடல்நீர் ஆர்.ஓ. ஆலைகள் ஆயிரம் லிட்டருக்குப் பத்து யூனிட்டுக்கும் மேல் தின்றன. மின்கட்டணத்தைப் பார்த்த நகராட்சிகள் மிரண்டன.

எங்கே போகிறது இவ்வளவு மின்சாரம்?

ஆலைக்குள் போய்ப் பார்ப்போம். நூறு லிட்டர் கடல்நீரைக் காற்றழுத்தத்தைப்போல் அறுபது மடங்குக்கு அழுத்தி உள்ளே அனுப்புகிறார்கள். அதில் நாற்பது லிட்டர் நன்னீராகத் தாளைத் தாண்டுகிறது. மீதி அறுபது லிட்டர் அடர் உப்பு நீராக மறுபக்கம் வெளியேறிக் கடலுக்குப் போகிறது. போகும்போது அதன் அழுத்தத்தை அளந்தால் கிட்டத்தட்ட குறையவே இல்லை. காசு கொடுத்து ஏற்றிய அழுத்தத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் பயன்படாமல் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே தள்ள முடியுமா? உப்பு நீரும் புது நீரும் நேருக்கு நேர் தொட வேண்டும், ஆனால் கலக்கக் கூடாது. முடியாது என்றுதான் பலரும் சொன்னார்கள்.

நார்வேயில் பிறந்த ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. லீஃப் ஹௌகே. கையில் ஓர் உருளை. நீளவாக்கில் துளைகள் போட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் பீங்கான் உருளை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று யூனிட் என்ற அளவுக்குக் கணக்கை இறக்கியதில் அந்த உருளைக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு தண்ணீரையும் ஒரே துளைக்குள் விட்டுக் கலக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்? அடுத்த வாரம் சொல்கிறேன்.